பகிர்ந்த கணிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பற்சில்லுகளைக் கொண்ட பொறி, வெற்றிடக் குழாய்களைக் கொண்ட பொறி, திரான்சிற்றர்களைக் கொண்ட பொறி எனப் படிமுறை வளர்ச்சியைக் கூறி, அவற்றை ஆக்கியோரின் பெயர்களையும் நிரற்படுத்திவிட்டால் வரலாறு முற்றுப்பெற்றதென எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. இவ்வாறு நோக்கும்போது, பல கணனிகளை ஒரு வலையமைப்பிலே பிணைத்துப் பெருங்கணக்கொன்றை அவற்றிடையே பங்கிட்டுச் செய்விக்கும் முறை 1970களுக்குப் பின்னர் தோன்றிய புதுமையாகவே தோற்றமளிக்கும். ஆயின், கணக்கை எவ்வாறு பிரிப்பது, பிரித்த கூறுகளை யாரிடம் ஒப்படைப்பது, தொலைவிலிருந்து வந்துசேரும் விடையை எவ்வாறு நம்புவது என்னும் மூன்று வினாக்களும் மின்சாரம் பயன்பாட்டுக்கு வருமுன்னரே எழுந்தவை. அவற்றுள் மூன்றாவதே கடினமானது. அதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலே தபால்வழி வேலைசெய்தோரிடையே காணப்பட்ட விடை, சிற்சில மாற்றங்களுடன் நமது காலம்வரை வந்துள்ளது. அவ்விடையின் கதையையே இங்கு கூற முனைகின்றோம்.

முதலில் சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்திலே 'கொம்பியூட்டர்' என்னும் சொல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பொறியைக் குறிக்கவில்லை. கணிக்கும் மனிதரையே குறித்தது. அது ஒரு தொழிற்பெயர். நமது மொழியிலும் கணி, கணியன் ஆகியன ஆட்களைச் சுட்டிய பெயர்களே. எனவே, 'கணனிகளிடையே வேலையைப் பங்கிடல்' என்ற தொடரைப் பழைய பொருளிற் கொண்டு, மனிதரிடையே வேலையைப் பங்கிட்டமையிலிருந்து தொடங்குவது சொற்சிலம்பம் ஆகாது.

எட்மண்ட் ஹேலி என்னும் ஆங்கில வானியலறிஞர், 1682 இலே தோன்றிய வால்வெள்ளி 1758 ஆம் ஆண்டின் இறுதியளவில் மீண்டும் வருமெனக் கூறியிருந்தார். அவர் 1742 இலே காலமானார். வால்வெள்ளி எந்நாளிற் சூரியனை அணுகும் என்பதைத் துணிவதற்கு, வியாழனும் சனியும் அதன் பாதையை எவ்வளவுக்கு இழுத்து மாற்றியுள்ளன என்பதைப் படிப்படியாகக் கணிக்கவேண்டியிருந்தது. இதற்குச் சூத்திரமொன்றிற் பெறுமானங்களை இட்டு விடை காணும் சுருக்கவழி இல்லை. 1757 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே அலெக்சி கிளேரோ என்னும் பிரெஞ்சுக் கணிதவியலாளர் இப்பணியைத் தொடங்கினார். அவருடன் ஜெரோம் லலாந்து என்னும் இளம் வானியலாளரும், நிக்கோல்-ரெய்ன் லெபோத் என்னும் அம்மையாரும் சேர்ந்தனர். அம்மையார் அரச மணிக்கூட்டுத் தொழில்வல்லுநர் ஒருவரின் மனைவி. பல மாதங்கள் காலைமுதல் இரவுவரை, சிலவேளைகளில் உணவு மேசையிலுங்கூடக் கணித்ததாக லலாந்து பின்னாளிலே நினைவுகூர்ந்துள்ளார். 1758 நவம்பர் 14 ஆந் திகதி கிளேரோ பாரிசு விஞ்ஞானக் கழகத்திலே விடையை வெளியிட்டார்: வால்வெள்ளி 1759 ஏப்பிரில் நடுப்பகுதியிற் சூரியனுக்கு மிகக் கிட்டிய நிலையை அடையும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம். அவ்வாண்டு நத்தார் தினத்தன்று, திரெஸ்டன் நகருக்கு அண்மையில் வாழ்ந்த பலிட்ச் என்னும் கமக்காரர் ஒருவரே அதனை முதலிற் கண்டார். அது சூரியனை அணுகிய நாள் 1759 மார்ச் 13. கணிப்பு ஏறக்குறைய ஒரு மாதத்தாற் பிழைத்தது. எழுபத்தாறு ஆண்டுப் பயணத்திலே ஒரு மாதப் பிழை என்பது அக்காலத்திற்கு ஒரு வெற்றியே.

இங்கு நமக்கு வேண்டியது வெற்றியன்று. வேலை பங்கிடப்பட்டபோதே பெயரும் பங்கிடப்படவேண்டிய நிலை தோன்றிற்று என்பதே நோக்கற்பாலது. லெபோத் அம்மையார் இல்லாவிடின் இப்பெரும்பணியிலே தாம் துணிந்து இறங்கியிருக்க மாட்டோமென லலாந்து எழுதினார். ஆனால், 1760 இலே வெளிவந்த கிளேரோவின் நூலிலே அம்மையாரின் பங்கு இடம்பெறவில்லை. மூவர் செய்த வேலையிலேயே ஒருவர் பெயர் விடுபட்டதெனின், நூற்றுக்கணக்கானோர் செய்யும் வேலையிலே என்ன நிகழும் என்பது ஊகிக்கத்தக்கது.

மேற்கூறிய மூவரும் ஒரு நகரத்தவர், ஒருவரையொருவர் அறிந்தவர், ஒருவரின் எண்களை மற்றவர் அருகிலிருந்தே பார்க்கக்கூடியவர். தூரம் என்னும் பிரச்சினை சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்திலேயே முழு வடிவம் பெற்றது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே கடல்கடந்த வாணிகமும் குடியேற்ற விரிவும் பெருகப் பெருக, நடுக்கடலிலே கப்பலின் நெடுங்கோட்டைத் துணிவது பிரித்தானிய அரசுக்கு உயிர்நிலைப் பிரச்சினையாயிற்று. சந்திரன் விண்மீன்களிடையே விரைந்து நகர்வதால், குறித்த விண்மீனிலிருந்து அதன் கோணத்தூரத்தை அளந்து கிறீனிச்சு நேரத்தை அறியலாம். ஆனால் அளந்த தூரத்திலிருந்து நேரத்தைப் பெற, கப்பலதிகாரி ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் கணக்கிட வேண்டியிருந்தது. 1765 இலே அரச வானியலாளராக நியமிக்கப்பட்ட நெவில் மாஸ்கெலின், இச்சுமையிற் பெரும்பகுதியைக் கரையிலேயே முன்கூட்டிச் செய்துவிடத் தீர்மானித்தார். சந்திரனின் கோணத்தூரங்கள் ஒவ்வொரு மூன்று மணித்தியாலத்துக்கும் கணிக்கப்பட்டு அச்சிடப்பட்டால், கடலிலே செய்யவேண்டிய வேலை அரை மணித்தியால அளவிற் குறையும். இவ்வாறு தோன்றிய கடற்பஞ்சாங்கத்தின் முதல் இதழ் 1767 ஆம் ஆண்டுக்குரியது.

இதனைக் கணித்தவர் யார்? மாஸ்கெலினிடம் பெரிய அலுவலகம் இல்லை. இங்கிலாந்தின் பல ஊர்களிலே தத்தம் வீடுகளில் இருந்த பாடசாலை ஆசிரியர், நில அளவையாளர், திருச்சபைக் குருமார் முதலியோரே கணிப்பாளராயினர். செய்முறை விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு அவர்களுக்கு அனுப்பப்பட்டன. வேண்டிய வாய்பாடுகளும் அனுப்பப்பட்டன. ஒவ்வொருவரும் ஒரு மாதத்துக்குரிய கணக்கைச் செய்து தபாலிலே திருப்பி அனுப்பினர்; ஊதியம் செய்த வேலைக்கேற்ப வழங்கப்பட்டது. ஒரு மையம், பல முனைகள், இடையே செய்தி கொண்டுசெல்லும் வழி: வலையமைப்பு என்று நாம் இன்று கூறுவதன் உறுப்புகள் யாவும் இங்கே உள்ளன. தபால்வண்டியின் வேகம் மட்டுமே வேறு.

மாஸ்கெலினின் மேதைமை வேலையைப் பிரித்ததில் இல்லை என்பதே எமது கருத்து. ஆண்டை மாதங்களாகப் பிரிப்பது எவருக்கும் தோன்றக்கூடியது. அவர் ஒரே மாதத்தை இருவரிடம் கொடுத்தார். ஒருவர் செய்வதை மற்றவர் அறியாதிருக்க வேண்டும். இருவரின் விடைகளும் 'ஒப்புநோக்குநர்' என்னும் மூன்றாமவரிடம் சென்றன. அவர் இரண்டையும் வரிவரியாகப் பார்த்து, வேறுபாடு கண்டவிடத்துத் தாமே கணித்துத் திருத்தினார். இப்பணியை நெடுங்காலம் செய்தவர் கோண்வோல் பகுதியைச் சேர்ந்த குருவான மலக்கி ஹிச்சின்ஸ் என்பவர். இருவர் ஒருவரையொருவர் அறியாது ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்வது அரிது. ஆகவே இரு விடைகளும் ஒத்தால் அவை சரியென்று கொள்ளலாம். கணிப்பாளரின் நேர்மையையோ திறமையையோ ஆராயாமலே விடையை நம்புவதற்கு இம்முறை வழிவகுத்தது.

1770 ஆம் ஆண்டளவிலே இம்முறைக்கு ஒரு சோதனை நேர்ந்தது. ஒரே மாதங்களைக் கணிக்க அமர்த்தப்பட்டிருந்த இருவர், தம்முட் சேர்ந்து ஒருவர் விடையை மற்றவர் பார்த்தெழுதி அனுப்பிவிட்டனர். விடைகள் ஒத்தன, ஆனால் தவறுகளும் ஒத்தன. ஹிச்சின்ஸ் இதனைக் கண்டுபிடித்தார். இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். இருமுறை கணித்தல் என்பதன் பலம் அவ்விருமுறைகளும் தனித்தவையாக இருப்பதிலேயே தங்கியுள்ளது என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

இவ்வலையமைப்பிலே இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஷ்ரொப்ஷயர் பகுதியிலுள்ள லட்லோ நகரில் வாழ்ந்த ஜோன் எட்வேட்ஸ் என்னும் குரு, 1773 தொடக்கம் கணிப்பாளராகப் பதிவுபெற்றிருந்தார். அவர் தொலைகாட்டிகளுக்கான உலோக ஆடிகளைச் செய்வதிலே பேரார்வம் கொண்டவர். 1784 இலே அவர் இறந்தபின், அவருடைய மனைவி மேரி எட்வேட்ஸ் மாஸ்கெலினுக்கு ஓர் உண்மையைத் தெரிவித்தார்: இதுகாறும் கணவர் பெயரில் வந்த கணிப்பிற் பெரும்பகுதியைச் செய்தவர் தாமே. பிள்ளைகளைக் காக்க அவ்வேலையைத் தம் பெயரிலேயே தொடர அனுமதி வேண்டினார், அனுமதி கிடைத்தது. 1811 இலே மாஸ்கெலின் மறைந்தபின் வேலை குறைக்கப்பட்டபோது, நெடுங்கோட்டுச் சபைக்கு முறையிட்டு வெற்றியும் கண்டார். 1815 இலே அவர் காலமானதும் மகள் எலைசா தொடர்ந்தார். 1832 அளவிலே கணிப்புப்பணி இலண்டனில் அமைந்த அலுவலகமொன்றினுள் ஒடுக்கப்பட்டது. அரசசேவை அலுவலகத்திலே பெண்களுக்கு இடமில்லாமையால் எலைசாவின் தொழில் அத்துடன் முடிவுற்றது. தூரத்திலிருந்து செய்யும் வேலையிலே, செய்பவர் யாரென்பதை மையம் அறியத் தேவையில்லை. மேரிக்கு வேலை கிடைத்ததும் அதனாலேயே. பதினொரு ஆண்டுகள் பெயர் கிடைக்காமற் போனதும் அதனாலேயே.

இங்கிலாந்தில் அறிவுடைய தனியாட்கள் வீட்டிலிருந்து செய்த வேலையை, புரட்சிக்காலப் பிரான்சு தொழிற்சாலை முறைக்கு மாற்றியது. மெற்றிக் அளவைகளோடு கோணங்களையும் தசம முறைக்குக் கொணர விரும்பிய அரசு, அதற்கேற்ற புதிய மடக்கை, திரிகோணகணித அட்டவணைகளை ஆக்கும் பொறுப்பை 1790களின் தொடக்கத்திலே தெ புரோனி என்னும் பொறியியலாளரிடம் ஒப்படைத்தது. அடம் சிமித்தின் பொருளியல் நூலிலே குண்டூசித் தொழிலின் உழைப்புப் பிரிவினை பற்றிய பகுதியைப் படித்தபோதே வழி புலப்பட்டதென்று அவர் கூறியுள்ளார். அவர் மூன்று படிநிலைகளை வகுத்தார். மேற்படியிலே சூத்திரங்களை ஆராயும் சில கணிதவியலாளர். இடைப்படியிலே அச்சூத்திரங்களிலிருந்து தொடக்கப் பெறுமானங்களைக் கணிப்போர். கீழ்ப்படியிலே கூட்டலும் கழித்தலும் மட்டும் செய்யும் அறுபது எண்பது பேர். புரட்சியினால் தொழிலிழந்த சிகையலங்காரக்காரரே இக்கீழ்ப்படியினர் என்ற கதை பரவலாகக் கூறப்பட்டாலும், அதற்கான சான்றுகள் வலுவானவையல்ல.

கூட்டலால் மட்டும் அட்டவணை ஆக்குவது எவ்வாறு என்பதை ஓர் எளிய உதாரணத்தாற் காட்டலாம். 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்கங்களின் வேறுபாடுகள் 3, 5, 7, 9. அவ்வேறுபாடுகளின் வேறுபாடு எப்போதும் 2. ஆகவே பெருக்கலே அறியாத ஒருவர் 9 உடன் 2 ஐக் கூட்டி 11 ஐயும், 25 உடன் 11 ஐக் கூட்டி 36 ஐயும் பெறலாம். சிக்கலான சார்புகளையும் சிறு இடைவெளிகளில் இவ்வாறே நடத்தலாம். இம்முறையில் ஓரிடத்தில் நேரும் பிழை அதன்பின் வரும் அத்தனை எண்களையும் கெடுக்கும். அது தீமைபோலத் தோன்றினும் சரிபார்ப்போருக்கு நன்மையே. பகுதியின் இறுதி எண் இடைப்படியினர் முன்னரே கணித்த எண்ணுடன் ஒத்துவந்தால் இடையில் உள்ளவையும் சரியெனக் கொள்ளலாம். கீழ்ப்படியினருட் பெரும்பாலோர் கூட்டல் கழித்தலுக்கு அப்பால் ஏதுமறியாதோர் என்றும், கூடுதலாக அறிந்தோரைவிட அவர்களின் எண்களே பிழை குறைந்தனவாக இருந்தன என்றும் பின்னாளில் சாள்ஸ் பபேஜ் எழுதியுள்ளார். அறியாமையே தகுதியாக மாறும் நிலை இது. தொழிற்சாலை முறையின் இயல்பு இங்கு வெளிப்படையாகத் தெரிகின்றது.

பபேஜைப் பற்றியும் ஈண்டு சிறிது கூறவேண்டும். கணிக்கும் பொறியின் தந்தை எனப் போற்றப்படும் அவருக்கு அவ்வெண்ணம் எவ்வேளையிலே தோன்றிற்று என்பது பலராலும் அறியப்பட்டதே. 1821 இலே அவரும் ஜோன் ஹேர்ஷலும், இரு கணிப்பாளர் தனித்தனியே ஆக்கிய வானியல் அட்டவணைகளை ஒப்புநோக்கிக் கொண்டிருந்தனர். பிழைமேற் பிழை கண்டு சலித்த பபேஜ், இவை நீராவியால் கணிக்கப்பட்டிருக்கலாகாதா என்றார். அவரைச் சலிப்படையச் செய்தது கணித்தலன்று, ஒப்புநோக்கலே என்பதைப் பாடநூல்கள் எடுத்துக்கூறுவதில்லை.

இதுவரை கண்ட வேலைகளிலே ஒரு துண்டு மற்றத் துண்டைச் சாரவில்லை. மார்ச் மாதத்தைக் கணிப்பவர் ஏப்பிரில் மாதத்தவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாக் கணக்கும் அத்தகையதன்று. லூயிஸ் றிச்சட்சன் என்னும் ஆங்கில அறிஞர், முதலாம் உலகப் போரின்போது பிரான்சிலே நோயாளர் வண்டிப் பிரிவிற் பணிபுரிந்தவாறே, வானிலையைக் கணிதத்தால் முன்கூற முயன்றார். நிலப்பரப்பைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்தின் அமுக்கம், காற்று முதலியவற்றை அயற்கட்டங்களின் பெறுமானங்களைக் கொண்டு படிப்படியாகக் கணிப்பதே அவர் முறை. 1910 மே 20 ஆந் திகதிக்குரிய ஆறு மணித்தியால மாற்றத்தைக் கணிக்க அவருக்கு ஆறு வாரங்கள் சென்றன. விடையோ படுதோல்வி, அமுக்கம் 145 மில்லிபார் உயர்ந்திருக்க வேண்டுமெனக் கணக்கு கூறியது, உண்மையில் அது ஏறக்குறைய மாறாதிருந்தது. கையெழுத்துப் பிரதி 1917 இலே போர்க்களத்திற் காணாமற்போய், மாதங்கள் பல கழிந்து பெல்சியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியிற் கிடைத்தது. தோல்வியை மறைக்காது 1922 இலே அவர் அதனை நூலாக வெளியிட்டமை போற்றத்தக்கது.

அந்நூலிலே ஒரு கற்பனை மண்டபம் வருகின்றது. கோளவடிவான அம்மண்டபத்தின் உட்சுவரிலே உலகப்படம் வரையப்பட்டிருக்க, அவ்வப் பகுதிக்குரிய இருக்கைகளிலே 64,000 கணிப்பாளர் அமர்ந்து கணிக்கின்றனர். ஒவ்வொருவரின் எண்ணும் அயலவர் பார்க்குமாறு காட்டப்படுகின்றது. நடுவிலுள்ள உயர்ந்த தூணின் உச்சியில் ஒருவர், வாத்தியக்குழுவை நடத்துபவர்போல நின்று, முந்திச்செல்லும் பகுதிமீது செந்நிற ஒளியையும், பிந்தும் பகுதிமீது நீலநிற ஒளியையும் பாய்ச்சுகின்றார். வெளியே விளையாட்டுத் திடல்களும் வீடுகளும் மலைகளும் ஏரிகளும் உள்ளன. வானிலையைக் கணிப்போர் அதனைத் தாராளமாகச் சுவாசிக்கவும் வேண்டுமல்லவா என்பது அவர் வாதம். இக்காட்சியை வெறும் வேடிக்கையாகக் கொள்ளலாகாது. துண்டுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் கணக்கிலே முழுவேலையின் வேகமும் மிகப் பிந்தியவரின் வேகமே என்பதை அவ்விரு ஒளிகளும் உணர்த்துகின்றன. பல கணனிகளிடையே சுமையைச் சமன்செய்தல் என்று பின்வந்தோர் கூறியது இதனையே.

மனிதக் கணிப்பாளரின் இறுதிப் பேரமைப்பு அமெரிக்கப் பொருளாதார மந்தத்தின் விளைவு. 1938 இலே நியூயோக்கிலே, வேலையற்றோருக்கு வேலையளிக்கும் அரசுத்திட்டத்தின்கீழ் தொடங்கப்பட்ட கணித அட்டவணைத் திட்டத்தில், உச்சநிலையில் ஏறத்தாழ 450 பேர் பணிபுரிந்தனர். கணிதப் பொறுப்பை வகித்தவர் கேர்ட்ரூட் பிளான்ச் அம்மையார். பலருக்கு அடிப்படை எண்கணிதமே மங்கியிருந்தது. எனவே நேர் எண்களைக் கறுப்பிலும் மறை எண்களைச் சிவப்பிலும் எழுதவைத்து, வேலைத்தாள்களைப் பிழை தானே வெளிப்படுமாறு அம்மையார் வகுத்தார். பலவீனமான கைகளிலிருந்து பலமான அட்டவணைகள் வெளிவந்தன. மின்கணனி இவ்வமைப்பை விரைவிலேயே தேவையற்றதாக்கிற்று. ஆனால் பிரச்சினை பொறிகளிடம் கைமாறியதேயன்றி மறைந்துவிடவில்லை.

1969 ஒக்டோபர் 29 ஆந் திகதி கலிபோர்ணியாவிலே இரு நிலையங்களிலிருந்த கணனிகள் ஆர்பாநெற் என்னும் வலையமைப்பால் முதன்முதலிற் பேசின. தொலைவிலுள்ள பொறியின் வளத்தை இங்கிருந்தே பயன்படுத்துதல் அதன் முதல் நோக்கங்களுள் ஒன்று. ஒரே வேலையைப் பல பொறிகளிடையே பங்கிடும் முயற்சிகளிற் குறிப்பிடத்தக்கது, செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்டோ ஆய்வுநிலையத்திலே ஜோன் ஷொக், ஜோன் ஹப் ஆகிய இருவரும் செய்து 1982 இலே வெளியிட்ட 'புழு' ஆய்வு. அந்நிலையத்திலே ஏறத்தாழ நூறு சிறு கணனிகள் இதேர்நெற் இணைப்பிலே பிணைந்திருந்தன. இரவிலே அவை வேலையின்றிக் கிடந்தன. வேலையற்றிருக்கும் பொறிகளைத் தானே தேடி, ஒவ்வொன்றிலும் தன் கண்டமொன்றை நிறுவி, ஒரு கண்டம் அழிந்தால் வேறொரு பொறியிலே அதனை மீள ஆக்கிக்கொள்ளும் நிகழ்ச்சித்திட்டத்தை இருவரும் எழுதினர். ஜோன் புருனர் 1975 இலே வெளியிட்ட விஞ்ஞானப் புனைகதையொன்றிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. ஓரிரவு சிறு புழுவொன்றை ஓடவிட்டுச் சென்றனர். மறுநாட் காலை நிலையமெங்கும் கணனிகள் செயலிழந்து கிடந்தன. மீண்டும் இயக்கினால், பழுதுபட்ட புழு அவற்றைப் பற்றி மீண்டும் வீழ்த்தியது. சில பொறிகள் பூட்டிய அறைகளுக்குள் இருந்தன. ஈற்றில், புழுவின் கண்டங்களை எல்லாம் நிறுத்துவதற்கென முன்னெச்சரிக்கையாகச் சேர்த்திருந்த கட்டளையை வலையமைப்பெங்கும் அனுப்பியே அதனை ஒழித்தனர். ஒரு பிரதியிலே நேர்ந்த பழுது தன்னைத்தானே பெருக்கிக்கொண்ட இந்நிகழ்ச்சி, கீழ்ப்படியினர் ஒருவரின் கூட்டற்பிழை அட்டவணை முழுவதும் பரவுவதை நினைவூட்டுகின்றது. தெ புரோனியிடம் இறுதி எண் இருந்தது. புழுவிடம் அத்தகைய சான்று எதுவும் இருக்கவில்லை.

இணையம் பரவியபின் முன்பின் அறியாதோரின் கணனிகளும் கூட்டுச் சேர்ந்தன. 1977 இலே ஓர் அமெரிக்க விஞ்ஞான சஞ்சிகையில் மார்ட்டின் காட்னரின் பகுதியிலே, 129 இலக்கங்களைக் கொண்ட எண்ணொன்றின் இரு முதன்மைக் காரணிகளைக் கண்டால் 100 டொலர் பரிசு என அறிவிக்கப்பட்டது. இதனைத் தீர்க்க 400 கோடி கோடி ஆண்டுகள் செல்லுமென அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. 1993 இலே தொடங்கிய முயற்சியொன்றில், 20 இற்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 600 தொண்டர் 1,600 அளவான பொறிகளைக் கொண்டு எட்டு மாதங்களிற் பணியை முடித்தனர். அப்பொறிகளுள் இரண்டு தொலைநகற் கருவிகள். 1994 ஏப்பிரிலிலே 64, 65 இலக்கங்களைக் கொண்ட காரணிகள் அறிவிக்கப்பட்டன. இங்கு இரு விடயங்கள் நோக்கத்தக்கன. தொண்டர் மின்னஞ்சலிலே அனுப்பிய ஒவ்வொரு சமன்பாட்டையும் மையம் உடனடியாகச் சரிபார்க்கக்கூடியதாயிருந்தது; கண்டுபிடிப்பது கடினம், கண்டதைச் சோதிப்பது எளிது. ஆகவே அனுப்பியவரை நம்பவேண்டிய தேவையே எழவில்லை. மற்றையது, இறுதிக் கட்டத்தைப் பங்கிட இயலாதிருந்தமை. அதனைத் தனிப் பெரும்பொறியொன்றே 45 மணித்தியாலங்களிற் செய்துமுடித்தது.

இவ்வசதி எல்லாப் பணிக்கும் வாய்ப்பதில்லை. 1999 மே 17 ஆந் திகதி கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலே செற்றி அற் ஹோம் திட்டம் தொடங்கிற்று. புவேட்டோ றிக்கோவில் அப்போதிருந்த அரெசிபோ வானொலித் தொலைகாட்டி பதிவுசெய்த சமிக்ஞைகளைச் சிறு துண்டுகளாக்கி, வேற்றுலக அறிவுயிர்களின் அறிகுறி உண்டா என ஆராயுமாறு தொண்டர்களின் கணனிகளுக்கு அது வழங்கிற்று. அரெசிபோவிலிருந்து பேர்க்லிக்குத் தரவைக் கொண்டுசெல்லப் போதிய இணைப்பு இல்லாமையால், காந்தநாடாக்கள் தபாலிலேயே அனுப்பப்பட்டன. மாஸ்கெலின் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பங்குகொண்டோர் 50 இலட்சத்தைத் தாண்டினர். செய்த வேலைக்கேற்பப் புள்ளிகள் வழங்கப்பட்டுப் பெயர்ப்பட்டியலும் வெளியாயிற்று. ஊதியமற்ற பணியிலே பெயரே ஊதியம். அதனாற் சிலர், வேலை செய்யாமலே விடை அனுப்புமாறு நிகழ்ச்சித்திட்டத்தை மாற்றினர். செய்த ஒன்றையே பலமுறை அனுப்பினோரும் உளர். 1770 ஆம் ஆண்டுக் கணிப்பாளர் இருவரின் வழித்தோன்றல்கள் என இவர்களைக் கூறலாம்.

பேர்க்லி அறிஞர் கண்ட தீர்வு யாது? ஒரே துண்டைத் தனித்தனிக் கணனிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்புநோக்கினர். மலக்கி ஹிச்சின்சின் இடத்திலே இப்போது ஒரு நிகழ்ச்சித்திட்டம் அமர்ந்தது. ஆனால் ஹிச்சின்ஸ் எதிர்நோக்காத புதிய இடர்ப்பாடொன்றும் எழுந்தது. வெவ்வேறு வகைக் கணனிகள் தசமங்களை வெவ்வேறு வகையில் மட்டந்தட்டுவதால், நேர்மையாகச் செய்யப்பட்ட இரு விடைகளும் கடைசி இலக்கங்களிலே வேறுபடலாம். எவ்வளவு வேறுபாட்டை ஒத்ததெனக் கொள்வது என்பது பணிக்குப் பணி தீர்மானிக்கவேண்டியதாயிற்று. 2020 மார்ச் 31 உடன் அத்திட்டம் புதிய வேலை வழங்குவதை நிறுத்தியது. அதே காலத்திலே கொரோனா வைரசின் புரதங்களை ஆராய்ந்த போல்டிங் அற் ஹோம் என்னும் வேறொரு திட்டத்திலே திரண்ட தொண்டர்க் கணனிகளின் மொத்த வலு, உலகின் முதல் 500 மீக்கணனிகளினதும் கூட்டு வலுவை விஞ்சியது.

மாஸ்கெலின் முறையைத் தூயவடிவிற் பேணியது, 1996 இலே ஜோர்ஜ் வோல்ற்மன் தொடங்கிய மேர்சென் முதன்மை எண் தேடலே. இரண்டின் அடுக்கொன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறும் பேரெண்கள் முதன்மை எண்களா என அது சோதிக்கின்றது. ஓர் எண்ணுக்குரிய சோதனை கோடிக்கணக்கான படிகளைக் கொண்டது. ஒவ்வொரு படியும் முந்தியதைச் சார்ந்தது. ஓரிடத்திற் சிறு வழு நேரினும் முடிவு முழுதும் கெடும். எனவே ஒவ்வோர் எண்ணும் இரு பொறிகளிலே தனித்தனி சோதிக்கப்பட்டு, இறுதி மீதிகள் ஒப்பிடப்பட்டன. ஒவ்வாதவிடத்து மூன்றாவது பொறி அழைக்கப்பட்டது. 2020 அளவிலேதான், முழுக்கணக்கையும் மீளச்செய்யாது அதன் மிகச்சிறு பகுதி உழைப்பாற் சரிபார்க்கக்கூடிய கணிதச் சான்றொன்றை விடையுடன் சேர்த்தனுப்பும் முறை இத்தேடலிற் புகுந்தது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு நிலைத்த இரட்டைக் கணிப்புக்கு இங்ஙனம் ஒரு மாற்று இத்துறையிலே கிடைத்தது. 2024 ஒக்டோபரிலே இத்தேடல் அறிவித்த முதன்மை எண் 41,024,320 இலக்கங்களைக் கொண்டது. அதனைக் கண்டது வீட்டுக்கணனியன்று. லூக் டுரன்ட் என்பவர் 17 நாடுகளிலே வாடகைக்குப் பெற்று ஒருங்கிணைத்த பொறிகளுள் ஒன்று. டப்ளின் நகரிலிருந்த பொறி விடையை அனுப்ப, அமெரிக்காவின் சன் அன்ரோனியோவிலிருந்த வேறொரு பொறி அதனை உறுதிசெய்தது.

இத்தேடலிலே இதற்குமுன் நிகழ்ந்த ஒன்றையும் கூறவேண்டும். 22,338,618 இலக்கங்களைக் கொண்ட முதன்மை எண்ணொன்றை அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் கணனி 2015 செத்தெம்பர் 17 ஆந் திகதி கண்டு மையத்துக்கு அறிவித்தது. ஆனால் அத்தகைய விடை வந்ததும் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பவேண்டிய ஒழுங்கு தவறிவிட்டது. அவ்வெண் ஏறத்தாழ நான்கு மாதங்கள் எவர் கண்ணிலும் படாது பட்டியலிலே கிடந்து, வழமையான பராமரிப்பு வேலையின்போது தற்செயலாகப் புலப்பட்டது. அது கண்டுபிடிக்கப்பட்ட நாளாக அதிகாரபூர்வமாகப் பதியப்பட்டிருப்பது, கணனி அறிவித்த செத்தெம்பர் 17 அன்று. மனிதர் ஒருவர் அதனை முதன்முதலிற் கவனித்த 2016 சனவரி 7 ஆந் திகதியே.